மூச்சைப் பிடியுங்கோ

உவர்மலையில் இந்த மேல்வீட்டு அறையை எடுத்ததே
போனில் நாலு கோடும் நிற்கும் என்பதற்காகத்தான்.
வாடகை கூட. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
நசீஹா தன் கட்டிலைச் சன்னலோரம் இழுத்துக்கொண்டாள்.
எனக்கு சார்ஜர் செருகும் சுவர்ப்பக்கம்.

இந்தக் கிழமை வானத்துக்கு நான் காவல்.
அப்படிச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள்.
வேலை இவ்வளவுதான்:
ஐந்நூற்றைம்பது கிலோமீற்றர் உயரத்தில் ஒரு பெட்டி சுற்றுகிறது.
எங்கோ ஒரு நட்சத்திரம் தன்மேலேயே இடிந்து விழுந்தால்
என் போனை அடிக்கும்.
நான் எழும்ப வேண்டும்.

கொட்டியாரக் குடாவுக்கு மேலே
வானம் எத்தனை துப்புரவாய் இருந்தாலும்
இங்கிருந்து பார்க்க ஏலாது.
காற்று அந்தக் கதிர்களை மேலேயே குடித்துவிடும்.
குடிக்காவிட்டால் நாங்கள் இல்லை.
"அப்ப காத்துத்தான் எங்கட ஈயச்சட்டை" என்றாள் நசீஹா,
ஆஸ்பத்திரியில் கழற்றிவைத்த பாரம்
இன்னும் தோளில் இருப்பவளாக.

இரண்டு பேருக்கும் ஒரே கதிர்.
அவள் பொத்தானை அழுத்தி அனுப்புகிறவள்.
நான் வருமட்டும் இருக்கிறவள்.
"மூச்சை இழுங்கோ, பிடியுங்கோ எண்டு நான் சொல்லுவன்.
நீ ஆருக்குச் சொல்லுவாய்?"

வியாழன் சாமம், இரண்டு நாற்பத்துமூன்று.
அவள் இரவு வேலைக்குப் போயிருந்தாள்.
கரன்ட் இல்லை. காற்றாடி நின்ற புழுக்கத்தில்
போன் மேசைமேல் நண்டுபோல் நகர்ந்தது.

காமாக் கதிர் வெடிப்பு. பதினொரு செக்கன்.

காமா எந்த வில்லைக்கும் வளைந்துகொடாது.
அதனால் பெட்டியின் கூரையில் ஈயத்துண்டுகளை
ஒழுங்கின்றிப் பரப்பியிருக்கிறார்கள்,
ஆட்டத்தின் நடுவில் கைதட்டிச் சிந்திய சோழிகள்போல்.
கீழே விழும் நிழலை வைத்து
வந்த திசையைக் கணக்கிடலாம்.
வெளிச்சத்தை நாங்கள் பார்ப்பதில்லை.
அது எதில் தடைப்பட்டது என்று பார்க்கிறோம்.

பிறகு பெட்டி தானாகவே அந்தப் பக்கம் திரும்பும்,
மிச்சமிருக்கும் எக்ஸ்ரேயைப் பிடிக்க.
ஆடியை நேரே காட்டினால் கதிர் உள்ளே புதைந்துபோகும்,
சாய்ந்து உரசினால்தான் தெறிக்கும்.
உள்துறைமுகத்தில் தட்டைக்கல் எறிகிற பொடியன்களுக்கு
இதை யாரும் படிப்பித்ததில்லை.

மடிக்கணினியில் முப்பத்தொரு வீதம் பற்றரி.
திரையில் புள்ளிகள்.
முதலில் மூன்று.
பிறகு ஒரு பிடி உப்பு.
பிறகு நான் எண்ணவில்லை,
நெஞ்சு இறுகியபோதுதான் தெரிந்தது
மூச்சு விட மறந்திருக்கிறேன் என்று.

தூரம் இன்னும் தெரியாது.
சிலியில் இப்போதுதான் பொழுது சாய்கிறது,
அங்கே ஒருவன் அளந்து சொல்வான்.
பூமி உருளத் தொடங்கமுதலே புறப்பட்டதாயும் இருக்கலாம்.
ஆனாலும் பெயர் வைத்தாயிற்று:
எங்கள் வெடிப்புகளுக்கு
வந்துசேர்ந்த திகதிதான் பெயர்.
ஐந்து வரி எழுதி உலகத்துக்கு அனுப்பினேன்.
ஒரு எழுத்துப்பிழை. திருத்தி மறுபடி அனுப்பினேன்.
கீழே டச்சுக்குடாப் பக்கம் வள்ளங்கள் விளக்கோடு நின்றன,
ஒன்றுமே நடக்காததுபோல்.
உண்மையிலும் அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

ஏழு மணிக்கு நசீஹா வந்தாள்.
சொல்ல என்னிடம் ஒரு நட்சத்திரம் இருந்தது.
அவள் முந்திக்கொண்டாள்.

"சம்பூர்க்காரர் ஒராள். பேரின்பநாயகம்.
இருமலெண்டு நெஞ்சுப்படம் எடுக்க வந்தவர்.
தோள்மூட்டுக்குக் கீழ வெள்ளையா ஒரு துண்டு.
அரிசி அளவு. இரும்பு.
தனக்குத் தெரியவே தெரியாதாம்.
கனநேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நிண்டார்.
பிறகு கேட்டார்:
'நாங்க தொண்ணூறிலயும் ஓடினனாங்கள்,
ரெண்டாயிரத்தாறிலயும் ஓடினனாங்கள்.
இது எந்த ஓட்டத்தில, பிள்ளை?'"

சட்டையில் குத்தியிருந்த கதிர்மானியைக் கழற்றி
ஆணியில் மாட்டினாள்.
"உன்ர பெட்டியால அதைச் சொல்லேலுமோ?"

கரன்ட் வந்தது.
காற்றாடி ஒருமுறை முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது.
அவள் சன்னல் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்,
பதிலுக்கு நிற்கவில்லை.